120 வருஷக் கொலு பொம்மை, 1,40,000 ரூபாய்: வாங்கலாமா?

இந்த விஷயத்தை நம்ம சேனல்ல 14 நிமிஷ வீடியோவா போட்டப்போ, "அண்ணா, பழைய பொம்மை வாங்கி வெச்சா விலை ஏறுமா ஏறாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னு நிறைய பேர் கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. ஒரே வார்த்தையில சொல்ற விஷயம் இல்ல இது. வீடியோல விட்டுப்போனதையும் சேர்த்து இங்க முழுசா எழுதுறேன்.

எங்க அத்தை வீடு பேரணாம்பட்டுல. அத்தை பையன் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில மெர்ச்சண்டைசர். கையில வர்ற சம்பளம் 31,000. போன நவராத்திரிக்கு ரெண்டு வாரம் முன்னாடி எனக்கு போன் பண்ணான்.

"மச்சான், ஒரு டீல் வந்திருக்கு. 120 வருஷம் பழைய பண்ருட்டி கொலு செட். மண் பொம்மை. 40 பீஸ். ஒரு லட்சத்து நாப்பதாயிரம் சொல்றான். அஞ்சு வருஷத்துல மூணு மடங்கு ஆகுமாம். பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு, போட்டுடவா?"

இன்ஸ்டாவுல ஒரு பேஜ். போட்டோ எல்லாம் அட்டகாசம். மர அலமாரி முன்னாடி, மஞ்சள் வெளிச்சத்துல, பெயின்ட் லேசா உதிர்ந்த தசாவதாரம், செட்டியார் செட், கல்யாண செட், நடுவுல ஒரு காந்தி. பார்த்தா எனக்கே ஆசையா இருந்துச்சு.

முதல்ல கணக்கு. 1,40,000 கடன், 14% வட்டி, 36 மாசம். இஎம்ஐ சுமார் 4,785. மொத்தம் கட்டுறது 1,72,260. அதாவது பொம்மை வீட்டுக்கு வந்த அன்னைக்கே அதோட அடக்க விலை 1,40,000 இல்ல, 1,72,000. அதே 4,785-ஐ மாசாமாசம் 6.5% ஆர்டியில போட்டிருந்தா மூணு வருஷத்துல சுமார் 1.9 லட்சம் கையில இருக்கும். எந்த ரிஸ்க்கும் எடுக்காம. அப்போ இந்த பொம்மை செட் மூணு வருஷத்துல 1.9 லட்சத்துக்கு மேல வித்தாத்தான் ஆர்டியையே முந்துது. யாருக்கு விப்பே? இதுதான் நான் கேட்ட முதல் கேள்வி.

"யாராவது வாங்குவாங்க மச்சான், ஆன்டிக் இல்ல?"

இந்த "யாராவது" யாருன்னு கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

பொம்மைக்கு விலை எங்கிருந்து வருது?

மண் பொம்மையைச் சேர்க்கிறது நிஜமாவே ஒரு சந்தையா இருக்கிற ஊர் உலகத்துல உண்டு. பிரான்ஸ் நாட்டோட வடமேற்கு மூலையில பிரிட்டனின்னு ஒரு பகுதி. அங்க கெம்பேர்னு ஒரு ஊர். 300 வருஷத்துக்கு மேல அந்த ஊர்ல சுட்ட மண்ணுக்கு மேல வெள்ளை கிளேஸ் போட்டு, கையால வரைஞ்சு தட்டு, ஜாடி எல்லாம் செஞ்சிருக்காங்க. 20-ஆம் நூற்றாண்டு முதல் பாதியில அங்க இருந்த கம்பெனிங்க ஒரு வேலை பண்ணாங்க. வெளியில இருந்து சிற்பிகளையும் ஓவியர்களையும் கூப்பிட்டு சின்னச் சின்ன உருவங்கள் செய்ய வெச்சாங்க. சந்தைக்குப் போற கிழவி, கல்யாண ஊர்வலம், நாட்டியம் ஆடுற ஜோடி, மீனவர், குழந்தைங்க. யோசிச்சுப் பார்த்தா நம்ம கொலுவுல இருக்கிற செட்டியாரும் குறத்தியும் கல்யாண செட்டும் மாதிரிதான். ஊர் ஜனங்க அப்படியே பொம்மையா.

வித்தியாசம் எங்கன்னா, பொம்மையைத் திருப்பினா அடியில எழுத்து இருக்கும். எந்த கம்பெனி, எந்த சிற்பி. ஜிம் செவெலெக், பெர்த் சவீஞி, ரொபேர் மிஷோ வெர்னே, இப்படிப் பேரு. சவீஞின்னா குழந்தை உருவங்கள், மிஷோ வெர்னேன்னா ரிப்பன் பறக்க ஆடுற ஜோடின்னு சேர்க்கிறவங்களுக்கு அத்துப்படி. ரெண்டு பெரிய கம்பெனி. ஒண்ணு எச்.பி. (லேப்டாப் கம்பெனி இல்ல, நம்ம எழுத்துல ஒரே மாதிரி வருது, என்ன பண்றது), இன்னொண்ணு ஆன்ரியோ. ஆன்ரியோ தன் சரக்குல "எச்.ஆர்."னு போட்டுட்டு இருந்தாங்க. எங்க முத்திரை மாதிரியே இருக்குன்னு எச்.பி. கம்பெனி கோர்ட்டுக்குப் போய், 1922-ல இருந்து ஆன்ரியோ தன் முழுப் பேரையும் எழுத வேண்டியதாச்சு. அந்தச் சண்டை இன்னைக்கு வாங்குறவனுக்கு லாபம்: "எச்.ஆர்."னு இருந்தா 1922-க்கு முன்னாடி, முழுப் பேரு இருந்தா அதுக்கு அப்புறம். 1968-ல ரெண்டு கம்பெனியும் ஒண்ணாயிடுச்சு. இப்படி ஒரு பொம்மையோட வயசை அதோட அடிப்பக்கமே சொல்லிடுது.

அதனால அங்க பொம்மைக்கு ஒரு ரெண்டாவது சந்தை இருக்கு. பிரெஸ்ட், ரென் மாதிரி ஊர்கள்ல ஏலம் நடக்குது, கேட்டலாக் இருக்கு, சிற்பி பேரைப் போட்டுத் தேடினா போன தடவை என்ன விலைக்குப் போச்சுன்னு தெரியும். நீங்க ஷேர் வாங்குறப்போ பழைய விலையைப் பார்க்கிறீங்க இல்ல, அது மாதிரி. (உடனே ஆன்லைன்ல பிரான்ஸ் பொம்மை ஆர்டர் போடக் கிளம்பாதீங்க. ஷிப்பிங், கஸ்டம்ஸ் டியூட்டி, வழியில உடையுறது, எல்லாம் உங்க தலையில. அதோட ஆம்பூர்ல உக்காந்துட்டு அதைத் திருப்பி யாருக்கு விப்பீங்க?)

இப்போ நம்ம பக்கம் வாங்க. பண்ருட்டி, கடலூர் வண்டிப்பாளையம், மதுரை விளாச்சேரி, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, சென்னை கொசப்பேட்டை. கொலு பொம்மைன்னா இந்த ஊர்ப் பேரெல்லாம் உங்களுக்கே தெரியும். வேளார், குலாலர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையா செய்யுற வேலை. முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு அச்சு, அதுல களிமண்ணையோ காகிதக் கூழையோ அழுத்தி, ஒட்டி, காயவெச்சு, மண்ணா இருந்தா சூளையில சுட்டு, அப்புறம் பெயின்ட். பெரும்பாலும் அந்தக் கடைசி வேலை, கண்ணு எழுதுறது உட்பட, வீட்டுப் பெண்கள் கையில.

இதுல எந்தப் பொம்மையிலயாவது அடியில பேரு பார்த்திருக்கீங்களா? எங்க அத்தை வீட்டுல 37 பொம்மை. அத்தனையும் திருப்பிப் பார்த்தேன். ஒண்ணுல பென்சில்ல "8 அணா"ன்னு விலை இருக்கு. செஞ்சவர் பேரு ஒண்ணுல கூட இல்ல.

திறமை இல்லாததால இல்ல இது. வங்காளத்துல கிருஷ்ணாநகர்னு ஒரு ஊர், மண் உருவத்துக்குப் பேர் போனது. அங்க 19-ஆம் நூற்றாண்டுல இருந்த ஜதுநாத் பால் பேரு இன்னைக்கும் நிக்குது. காரணம், அவர் செஞ்சது வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போச்சு, அங்க கேட்டலாக்ல பேரு ஏறுச்சு. நம்ம பக்கம் பாண்டிச்சேரி வில்லியனூர் வி.கே. முனுசாமிக்கு சுடுமண் கலைக்காக 2020-ல பத்மஸ்ரீ கிடைச்சுது. அவர் பேரு இனி அழியாது. ஆனா உங்க பாட்டி கல்யாணத்துக்கு சீரா வந்த தசாவதாரத்தைச் செஞ்சவர்? கூடையில பொம்மை கொண்டுவந்த வியாபாரியோட அந்தப் பேரு போயிடுச்சு.

பேரு இல்லேன்னா ஒப்பிட்டுப் பார்க்க வழி இல்ல. ஒப்பிட முடியலேன்னா விலை ஒண்ணு நிலைக்காது. விக்கிறவன் சொல்றதுதான் விலை, வாங்குறவன் கொடுக்கிறதுதான் விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழம்பொருள் கடைங்க வரிசையா இருக்கு, போய்ப் பாருங்க. ஒரே மாதிரி பொம்மைக்கு ரெண்டு கடையில ரெண்டு விலை கேட்பீங்க. யாரும் ஏமாத்துறாங்கன்னு சொல்ல வரல. சந்தையோட சுபாவமே அப்படி.

வயசைக் கண்டுபிடிக்கிற வித்தை

தோல் தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும். பேரணாம்பட்டுல டேனரியில கிரேடு பிரிக்கிறவரைப் பாருங்க. தோலை விரிச்சுப் போட்டு, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்து, தடவி, "இது ஃபர்ஸ்ட், இது ரிஜெக்ட்"னு சொல்லுவார். பார்ட்டி சொல்ற கதையைக் கேட்க மாட்டார். பொம்மையையும் அப்படித்தான் பார்க்கணும்.

கையில எடுங்க. சுட்ட மண்ணு கனமா இருக்கும், நகத்தால தட்டினா ஓட்டுச் சத்தம் வரும். காகிதக் கூழ் லேசா இருக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்னா உடைஞ்ச இடத்துல சாக்பீஸ் மாதிரி வெள்ளையாத் தெரியும். மண் பொம்மைன்னு விக்கிறவன் கூழ் பொம்மையைக் கொடுத்தா அங்கேயே கதை முடிஞ்சுது.

அடுத்து மூக்கு, விரல், நகையைப் பாருங்க. அச்சு புதுசா இருக்கிறப்போ எல்லாம் கூர்மையா விழும். வருஷக்கணக்குல அதே அச்சுல எடுக்க எடுக்க மழுங்கும். இங்கதான் ஒரு பெரிய பொறி. பொம்மைக்காரங்க குடும்பத்துல தாத்தா காலத்து அச்சு இன்னும் வேலை செய்யும். போன மாசம் வார்த்த பொம்மை 70 வருஷம் பழைய முகத்தோட இருக்கும். "ஸ்டைல் பழசு"ங்கிறது வயசுக்கு ஆதாரமே இல்ல.

பழைய பேப்பர்ல சுத்தி வெச்சிருந்தா? அதுவும் ஆதாரம் இல்ல. கொலு முடிஞ்சதும் வருஷா வருஷம் பேப்பர் மாத்துறோம், நாலு வருஷம் மாத்த மறந்தும் போறோம். எங்க அத்தை பொட்டியில ஒரு பொம்மை 1987 பேப்பர்ல இருந்துச்சு, பக்கத்துலயே ஒண்ணு 2021 பேப்பர்ல. அந்த வருஷ நவம்பர் மழையை எங்க ஊரு மறக்காது. பரண் வரைக்கும் ஓதம் ஏறி, நனைஞ்ச பேப்பரை எல்லாம் மாத்தினாங்க. பழைய பேப்பரைக் கிலோ கணக்குல யாரும் வாங்கலாம், ஞாபகம் வெச்சுக்கோங்க.

பெட்டியில சீனக்களிமண் பொம்மை, பளபளன்னு வெளிநாட்டுச் சரக்கு இருந்தா வேலை சுலபம். அடியில முத்திரை பாருங்க. ஜப்பான் சரக்கு அமெரிக்காவுக்குப் போறதுல 1921 வரைக்கும் "நிப்பான்"னு போட்டாங்க, அதுக்கு அப்புறம் "ஜப்பான்"னு போடச் சொல்லிட்டாங்க. "ஆக்குபைட் ஜப்பான்"னு இருந்தா ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதுல இருந்து 1952 வரைக்கும், அமெரிக்கா அங்க இருந்த காலம். அத்தை பெட்டியிலயும் ஒரு ஜப்பான் பாப்பா இருந்துச்சு, மூக்கு உடைஞ்சு.

எல்லாத்தையும் விட நல்ல வழி, பொம்மை யாரு, என்ன உடுத்தியிருக்கு, கையில என்ன வெச்சிருக்குன்னு பார்க்கிறது. அத்தை பையன் அனுப்பின போட்டோவை இப்படிப் பெருசு பண்ணிப் பார்த்தேன். நடுவுல இருந்த காந்தி மேல் சட்டை இல்லாம, முழங்கால் வரைக்கும் வேட்டி, கையில தடி.

காந்தி அந்த உடைக்கு மாறினது எங்க? நம்ம மதுரையில. 1921 செப்டம்பர் 22. பேஜ்ல சொன்ன "120 வருஷம்"னா 1905. அப்போ அவர் தென்னாப்பிரிக்காவுல வக்கீல். இந்த காந்தி பொம்மை எப்படிப் பார்த்தாலும் 1921-க்கு அப்புறம்தான் செஞ்சிருக்கணும். அதுக்கு அப்புறம் எப்போ வேணாலும் இருக்கலாம், போன வருஷமா கூட. 40 பொம்மையும் "ஒரே காலத்து ஒரே செட்"னு அந்த ஆளே எழுதியிருந்தான். அப்போ மத்த 39-ஐயும் எப்படி நம்புறது?

அவனை மெசேஜ்ல கேட்கச் சொன்னேன். "சார், காந்தி மட்டும் பின்னாடி சேர்த்தது"ன்னு பதில் வந்துச்சு. சரி.

இதை விட முக்கியமான கேள்வி ஒண்ணு பாக்கி

வீடியோல இந்தப் பகுதியை வேகமா ஓட்டிட்டேன், தப்பு. இங்க நிதானமாப் படிங்க, ஏன்னா இதுல பணம் மட்டும் போற விஷயம் இல்ல.

1972-ல வந்த தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம்னு ஒண்ணு இருக்கு. 100 வருஷத்துக்கு மேல பழைய சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் எல்லாம் அந்தச் சட்டப்படி தொல்பொருள். அதுல சில வகைகளைக் கையில வெச்சிருக்கிறவங்க பதிவு பண்ணியே ஆகணும். கல், உலோகம், தந்தம் மட்டும் இல்ல, சுடுமண் சிற்பமும் அந்தப் பட்டியல்ல இருக்கு. பதிவு பண்ணதை இன்னொருத்தருக்குக் கைமாத்தினா அதையும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்கணும். தொல்பொருளை வாங்கி விக்கிறது தொழிலா பண்ணா லைசென்ஸ் வேணும். தனியார் யாரும் நாட்டை விட்டு வெளிய அனுப்பக் கூடாது. அனுப்பினா ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரை ஜெயில்.

இப்போ அந்த இன்ஸ்டா விளம்பரத்தைத் திரும்பப் படிங்க. "120 வருஷம் பழைய சுடுமண் பொம்மை விற்பனைக்கு." ரெண்டுல ஒண்ணுதான். வயசு நிஜம்னா, பதிவுச் சான்றிதழ் எங்க, லைசென்ஸ் எங்க? ரெண்டும் இல்லேன்னா, வயசு பொய். எந்தப் பக்கம் போனாலும் நீங்க 1,40,000 கொடுக்க ஒரு காரணமும் மிச்சம் இல்ல.

இந்த ஒரு கேள்வியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. "சார், பதிவுச் சான்றிதழ் நம்பர் சொல்லுங்க." அத்தை பையன் இதை அனுப்பினான். ப்ளூ டிக் விழுந்துச்சு. பதில் வரல. மறுநாள் அவனை பிளாக் பண்ணிட்டாங்க.

"அப்போ எங்க பாட்டி பொம்மை?"ன்னு பயந்துடாதீங்க. வீட்டுல இருக்கிற கொலு பொம்மைங்க பெரும்பாலும் 100 வருஷத்தைத் தொட்டிருக்காது. நிஜமாவே தாண்டியிருக்கும்னு தோணினா தொல்லியல் துறையில பதிவு அதிகாரியைப் பாருங்க. பதிவு பண்ணிட்டா பொம்மையைப் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க, உங்ககிட்டயேதான் இருக்கும். வெளிநாட்டுல இருக்கிற அக்காவுக்குப் பழைய பொம்மை கொடுத்து அனுப்புறதா இருந்தா, இது தொல்பொருள் இல்லன்னு இந்தியத் தொல்லியல் துறை ஒரு சான்றிதழ் கொடுக்குது. அதை வாங்கிக் கொடுத்து அனுப்புங்க, ஏர்போர்ட்ல அவங்க முழிக்க வேண்டாம்.

வரி. சுருக்கமா சொல்றேன், ஆனா விட்டுடாதீங்க. வீட்டு சாமான் வித்தா வரி இல்லன்னு ஒரு நினைப்பு நமக்கு இருக்கு. சோபா, பீரோவுக்கு அது சரி. ஆனா நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருள், தொல்பொருள் சேகரிப்பு எல்லாம் அந்த விலக்குல வராது. கலைப்பொருள்னு சொல்லி லட்சத்துல வித்தா கேபிடல் கெயின்ஸ் உண்டு. 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்து வித்தா 12.5%, செஸ் தனி. 2024 ஜூலை 23-ல இருந்து இதுக்கு இண்டெக்சேஷன் இல்ல. அதுக்கு முன்னாடியே வித்தா உங்க ஸ்லாப்படி. "எனக்குத்தான் 12 லட்சம் வரை வரியே இல்லையே"ன்னு சொல்லாதீங்க, இந்த மாதிரி தனி விகிதத்துல வர்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது. பாட்டிகிட்ட இருந்து வந்த பொம்மைன்னா, பாட்டி வாங்கின விலைதான் உங்க அடக்க விலை. 2001 ஏப்ரலுக்கு முன்னாடி வாங்கினதா இருந்தா அந்தத் தேதி சந்தை மதிப்பை எடுத்துக்கலாம். அதுக்கு வேல்யுவர் சர்டிபிகேட் வேணும். எட்டணா பொம்மைக்கு வேல்யுவரா? அதையும் யோசிங்க.

இன்சூரன்சும் பாருங்க. வீட்டு இன்சூரன்ஸ்ல பழம்பொருள், கலைப்பொருளைத் தனியா மதிப்புப் போட்டு எழுதலேன்னா பொதுவா கவர் ஆகாது. பரண்ல ஓதம், எலி, கொலுப்படி சரிஞ்சு விழுறது, இதுக்கெல்லாம் யாரும் பணம் தர மாட்டாங்க.

ஆக, வாங்கவே கூடாதா? நான் அப்படிச் சொல்லல. பொம்மை பிடிச்சா வாங்குங்க. ஆனா அதை எஸ்ஐபி இருக்கிற வரிசையில எழுதாதீங்க. சினிமா, பிரியாணி, ஊட்டி டிரிப் எழுதுற வரிசையில எழுதுங்க. என் சொந்தக் கணக்கு: வருஷ போனஸ்ல 5%-க்கு மேல இந்த மாதிரி ஆசைக்குப் போகக் கூடாது, கடன் வாங்கி ஒரு ரூபாய் கூடக் கூடாது. விலை ஏறினா சந்தோஷம். ஏறலேன்னாலும் நவராத்திரிக்குப் படியில நிக்கும்.

தாராளமா நம்ம பக்கமே பார்க்கலாம். வேலூர்க்காரங்களுக்குக் கரிகிரின்னா ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். ஆனா பச்சை, பழுப்பு கிளேஸ் போட்ட மண்பாண்டத்துக்கும் அந்த ஊர் பேர் போனது, ஜாடி, குவளை எல்லாம் செய்வாங்க. வேலூர் கோட்டைக்குள்ள அரசு அருங்காட்சியகம் இருக்கு, ஞாயித்துக்கிழமை கோட்டையைச் சுத்திட்டு மட்டும் வராம உள்ளயும் போய்ப் பாருங்க. நல்ல பழைய உருவம் எப்படி இருக்கும்னு கண்ணு பழகணும், போட்டோ பார்த்து அது பழகாது. புதுசா வாங்குறதா இருந்தா பூம்புகார் வருஷா வருஷம் கொலு பொம்மைக் கண்காட்சி வைக்கிறாங்க, பில்லோட வாங்கலாம். அந்த பில்லைத் தூக்கிப் போடாதீங்க.

அத்தைகிட்ட இந்தக் கதையை முழுசாச் சொன்னப்போ, "இன்னாடா இது, பொம்மைக்குப் போய் ஒன்றரை லட்சமா?"ன்னு சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அவங்க மாமியார் காலத்துல 60 பொம்மை இருந்துச்சாம். 90-கள்ல ஒரு பாத்திரக்காரர் வீட்டு வாசல்ல வந்து, பழைய பொம்மை 20-க்கும் மேல எடுத்துக்கிட்டு ரெண்டு எவர்சில்வர் டபரா கொடுத்துட்டுப் போனார். "அந்த டபராவுலதான் இப்பவும் சுண்டல் வடிக்கிறேன்"னாங்க. பக்கத்து வீட்டு பாய் வீட்டுப் பசங்க அந்த சுண்டலுக்காகவே வருவாங்க, ஒன்பது நாளும்.

"அந்த பொம்மை எல்லாம் இப்போ என்ன விலை போகும்?"னு கேட்டாங்க. தெரியலன்னு சொன்னேன். நிஜமாவே தெரியாது. மேல சொன்ன காரணம்தான்.

அன்னைக்குச் சாயந்திரம் 37 பொம்மையையும் தரையில வரிசையா வெச்சு, ஒவ்வொண்ணையும் முன்னாடி, பின்னாடி, அடியில மூணு போட்டோ எடுத்தோம். அத்தை சொல்லச் சொல்ல அத்தை பையன் ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுதினான். கிருஷ்ணர் குடியாத்தத்துல வாங்கினது. செட்டியாரும் ஆச்சியும் கல்யாணச் சீர். கல்யாண செட்ல மேளக்காரர் உடைஞ்சு வேற மேளக்காரர் வாங்கினது, அதனாலதான் அவர் மட்டும் உயரம். வருஷம் ஞாபகம் இல்லாத இடத்துல "பெரியவன் பொறந்த வருஷம்", "தாத்தா டேனரியில இருந்து ரிட்டயர் ஆன வருஷம்"னு எழுதினான். செலவு நோட்டு விலை, 25 ரூபாய். உங்க வீட்டுப் பொட்டியில இருக்கிறதுக்கு வயசு, வழி, கதை இதெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளு உங்க பாட்டியோ அத்தையோதான். அவங்க நல்லா இருக்கிறப்பவே இதைப் பண்ணிடுங்க, அடுத்த நவராத்திரிக்குன்னு தள்ளிப் போடாதீங்க.

லோனை அவன் கேன்சல் பண்ணிட்டான். தீபாவளி போனஸ் வந்ததும் பண்ருட்டியில பொம்மை செய்யுற ஒருத்தர்கிட்ட நேராப் போய்ப் புது தசாவதாரம் ஒண்ணு சொன்னான். 4,500 ரூபாய், மண்ணுல. ஒரே ஒரு கண்டிஷன்: மண்ணு ஈரமா இருக்கிறப்பவே ஒவ்வொண்ணு அடியிலயும் உங்க பேரு, ஊரு, வருஷம் ஆணியால எழுதிக் கொடுங்கன்னு கேட்டான். அவருக்கு முதல்ல புரியல. "கீழ யாரு தம்பி பார்ப்பா?"ன்னு கேட்டாராம்.

பார்சல் வந்த அன்னைக்கு வீடியோ கால் போட்டான். பத்துலயும் பேரு இருந்துச்சு, கொஞ்சம் கோணலா. கூர்மத்துக்கு அடியில மட்டும் ரெண்டு பேரு. எதுக்குன்னு போன் போட்டுக் கேட்டிருக்கான். ஒண்ணு தன்னோடதாம், இன்னொண்ணு அவங்க அப்பாவோடது. அந்த அச்சு மட்டும் அப்பா செஞ்சதாம்.